டிப்போ ஊசி: வைவாவுக்கும் வார்டுக்கும் சேர்த்துப் படித்தது

நர்சிங் மூன்றாம் ஆண்டு, மனநல வார்டு போஸ்டிங்கின் முதல் வாரம். மாதாமாதம் டிப்போ ஊசிக்கு (தசையில் தங்கி வாரக்கணக்கில் மெதுவாகக் கலக்கும் மனநோய் மருந்து) வருகிற ஒரு அண்ணனுக்கு ஃப்ளுஃபெனசின் 25 மில்லிகிராம் போடச் சொன்னார்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன், ஈரம் காய்வதற்குள் குத்தினேன், மருந்தையும் சட்டென்று தள்ளிவிட்டேன். அவர் கத்தவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப்போயின. "அடுத்த மாசத்துல இருந்து மாத்திரையே குடுக்கச் சொல்லுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாத்திரையை நிறுத்தி நிறுத்தியே மூன்று முறை அட்மிட் ஆனவர் அவர்.

அன்றைக்குத்தான் உறைத்தது. வலிக்குப் பயந்து ஒருவர் ஊசியை விட்டால் நோய் திரும்பி வரும். வலி குறைய ஊசி போடுவதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, படிக்கிறவர்கள் ஒவ்வொரு படிக்கும் "ஏன்" என்று கேட்டுப் படியுங்கள். ஃப்ளுஃபெனசின், ஹாலோபெரிடால் டெக்கனோயேட் இரண்டுமே நல்லெண்ணெயில் கரைத்த மருந்துகள். அதனால்தான் எள் அலர்ஜி உண்டா என்று முதலில் கேட்கிறோம். மருந்தை ஏற்றிய ஊசியின் வெளிப்புறத்தில் அந்த எண்ணெய் ஒட்டியிருக்கும், போகிற வழியெல்லாம் எரியும். குத்துவதற்கு வேறு ஊசி மாற்றுங்கள்: 21 கேஜ் தடிமன், ஒன்றரை அங்குல நீளம். சதைப்பிடிப்பானவர்களுக்குச் சின்ன ஊசி போட்டால் மருந்து கொழுப்போடு நின்றுவிடும், கட்டி விழும்.

இடம் என்றால் வென்ட்ரோகுளூட்டியல், அதாவது இடுப்பின் பக்கவாட்டுத் தசை. பல வார்டுகளில் இன்னும் பழக்கத்துக்குப் பின்புறத்தில்தான் போடுகிறார்கள். அங்கே சியாட்டிக் நரம்பு ஓடுகிறது. நோயாளியின் இடது இடுப்பு என்றால் உங்கள் வலது உள்ளங்கையைத் தொடை எலும்பின் மேல்முட்டில் வையுங்கள். ஆள்காட்டி விரல் இடுப்பெலும்பின் முன்முனையைத் தொடட்டும், நடுவிரலைப் பின்னால் விரியுங்கள். இரண்டு விரலுக்கும் நடுவில்தான் இடம். ஹாஸ்டலில் தோழிகளின் இடுப்பில் தொட்டுத் தொட்டுத்தான் எனக்கு இது கைவந்தது. படத்தைப் பார்த்து வராது.

மருந்து வெளியே கசியாமல் குத்தும் முறைதான் இசட் டிராக். அதில் தோலை ஒரு அங்குலம் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து, 90 டிகிரியில் குத்தி, ஒரு மில்லிக்குப் பத்து விநாடி என்று தள்ளுங்கள். முடிந்ததும் இன்னொரு பத்து விநாடி அப்படியே நிற்கவேண்டும். பிறகு ஊசியை எடுத்துத் தோலை விட்டால் வந்த வழி மூடிக்கொள்ளும், எண்ணெய் மேலே கசியாது. "தேய்ச்சு விடலாமா?" என்று எக்ஸாமினர் சாதாரணமாகக் கேட்பார். கூடாது. வீட்டில் அம்மா தேய்த்துவிடும் பழக்கத்தில் வகுப்பில் பலர் "தேய்க்கலாம் மேடம்" என்றோம்.

பாலிபெரிடோன் பால்மிடேட் என்ற இன்னொரு டிப்போ மருந்துக்கு முதல் இரண்டு ஊசியும் கையில், டெல்டாய்ட் என்ற தோள்பட்டைத் தசையில்தான். இதையும் மறக்காதீர்கள்.

ஆவேசமாக இருக்கிறவரை நான்கு பேர் பிடித்துக்கொண்டு போடும்போது தசை கல்லாக இறுகியிருக்கும், வலியும் கூடும். ஊசிக்குப் பதில் வாய்வழி மருந்து எடுத்துக்கொள்ளச் சம்மதமா என்று முதலில் கேளுங்கள். ஊசிதான் என்றாலும் ஒரே ஒருவர் பேசவேண்டும்: என்ன மருந்து, எதற்கு, எங்கே போடப்போகிறோம். அவர் கேட்காத மாதிரி இருந்தாலும் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் அந்த அண்ணன் வந்தார், தயங்கித் தயங்கித்தான். "போன தடவை இடது பக்கம், எழுதி வெச்சிருக்கேன்ணா. இன்னைக்கு வலது. ஸ்பிரிட் காயட்டும், நான் சொல்லிட்டுத்தான் குத்துவேன்" என்றேன். ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை அவராகவே மடக்கிக்கொண்டார்.