தீர்மான எண் இல்லாத கேள்வி

மதுரைக்கு மேற்கே ஓர் ஊராட்சியில் 24 ஆண்டுகள் செயலராகப் பணியாற்றினேன். கிராம சபைக்கு முந்தைய இரவே தீர்மானங்களை எழுதி முடித்துவிடுவது அப்போது எங்கள் வழக்கம். எங்கள் மக்கள்தொகைக்குக் குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, 100 பேர். நூறு நாள் வேலை அட்டை வைத்திருப்பவர்களுக்கு முதல் நாளே சொல்லி அனுப்பினால், நாடக மேடைக்கு முன்னால் அந்த எண்ணிக்கை நிறைந்துவிடும். கூட்டத்தைக் கவனிக்க வரும் அலுவலரான பற்றாளர், அன்று பேச வேண்டியவற்றின் பட்டியலான மன்றப் பொருளை வாசிப்பார், தலைவர் நன்றி சொல்வார், கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுவோம்.

2009 ஆகஸ்ட் 15 அன்று, மையில் தோய்ந்த பெருவிரலைப் பக்கத்தின் மேல் வைக்காமல் நிறுத்திக்கொண்டு ஒரு மூதாட்டி என்னைப் பார்த்தார். "ஏய்யா, போன கூட்டத்துல கேட்டதுக்கே இன்னும் பதிலக் காணோம். இதுக்கு எதுக்குய்யா கைநாட்டு?" என்றார். மேலத்தெருக் குழாயில் தண்ணீர் ஏறாதது பற்றி அவர் மே மாதச் சபையில் கேட்டது எனக்கு நினைவிருந்தது. "எழுதிக்கிட்டேன் அப்பத்தா" என்று அன்று நான் சொன்னதும் நினைவிருந்தது. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். தீர்மானங்கள் வரிசை எண்ணோடு இருந்தன. அவருடைய கேள்வி எங்குமே இல்லை. பொய்க் கணக்கு எழுதவில்லை என்பதுதான் அதுவரை என் மனநிறைவாக இருந்தது. ஒருவர் எழுந்து நின்று கேட்டதை எழுதாமல் விடுவதும் பொய்தான் என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அந்தக் கைநாட்டின் விலை என்னவென்று எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1996-ல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதும், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்தாண்டுகள் யாரும் அந்த நாற்காலியில் அமர முடியவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது, தப்பித்தவறி வென்றாலும் வென்றவர் உடனே பதவி விலகிவிடுவார். மேலூருக்கு அருகே மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் வந்த ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2006 அக்டோபரில்தான் அந்த மூன்று ஊராட்சிகளிலும் தேர்தல் முறையாக நடந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பதவியில் நீடித்தார்கள். இவ்வளவு கொடுத்துப் பெற்ற உரிமையை நாங்கள் வருகைப் பதிவாகச் சுருக்கிவைத்திருந்தோம்.

உலக நாடுகளில் மக்களாட்சிக்கு வரும் ஆபத்துகளைப் பற்றிப் படிக்கும்போது இந்த நினைவுதான் முந்திக்கொண்டு வருகிறது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் நடந்ததுபோல ராணுவம் நேரடியாக ஆட்சியைப் பறிப்பது ஒரு வகை. 2024 டிசம்பரில் தென்கொரிய அதிபர் ராணுவச் சட்டத்தை அறிவித்தபோது, மக்கள் இரவோடு இரவாக நாடாளுமன்ற வாசலில் திரண்டார்கள். உறுப்பினர்கள் சிலர் மதில் ஏறிக் குதித்து உள்ளே போய், சில மணி நேரத்தில் அதை நீக்கக் கோரி வாக்களித்தார்கள். தங்கள் சபை தங்களுடையது என்ற எண்ணம் இருந்ததால் வந்தார்கள். கேட்டுக் கேட்டுப் பதில் கிடைக்காமல் சலித்துப்போனவர்கள் அப்படி வருவார்களா என்பதுதான் என் கவலை.

புதுப்பிக்கும் வழி என்று சொல்லப்படுபவற்றுள் அயர்லாந்தின் குடிமக்கள் அவை என்னைக் கவர்ந்தது. 2016-ல் குலுக்கல் முறையில் 99 பேரைத் தேர்ந்தெடுத்து, கருக்கலைப்புச் சட்டம் போன்ற கடினமான பொருள்களை மாதக்கணக்கில் விவாதிக்கவைத்தார்கள். குடவோலையை உத்திரமேரூர்க் கல்வெட்டில் படித்த நமக்குக் குலுக்கல் புதிதல்ல. ஆனால் அந்த அவையின் பரிந்துரை அலமாரியில் கிடக்கவில்லை. 2018 மே மாதம் பொதுவாக்கெடுப்புக்கே வந்து, 66 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆதரித்து, அரசியலமைப்பே திருத்தப்பட்டது. கேட்டவர்களுக்குப் பதில் வந்தது, அதுவும் எல்லோருக்கும் தெரியும்படி வந்தது.

நான் செய்தது மிகச் சிறியது. அடுத்த சபையிலிருந்து, 40 பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவரின் பெயரோடு எழுதி, மன்றப் பொருளுக்கு முன்பாக அதை வாசித்தேன். முடிந்ததை முடிந்தது என்றும், முடியாததை ஏன் முடியவில்லை என்றும் சொன்னேன். முதலில் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. தம் மேல் குற்றப்பத்திரிகை வாசிப்பதாக நினைத்தார். மேலத்தெருவில் வால்வு மாற்றி, குடத்தில் தண்ணீர் விழுந்த பிறகு வந்த சபையில் யாரையும் அழைத்துவர வேண்டியிருக்கவில்லை. "இந்த வருசம் நிதி இல்லை" என்ற பதிலைக்கூட மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

2016 அக்டோபருக்குப் பிறகு மூன்றாண்டுகளுக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி நடந்தபோது, கூட்டம் மறுபடியும் மெலிந்தது. நோட்டை வாசிக்க நான் இருந்தேன். பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யாரும் மேடையில் இல்லை. 2025 ஜனவரியில் எங்கள் மாவட்ட ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களிடம் போனபோது அந்த மூன்றாண்டுகள்தான் கண்முன் வந்தன. உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவது சிறிய நிர்வாகக் காரியம் என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ஓய்வு பெற்ற நாளில் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு ஒப்படைத்தேன். அந்த நோட்டு அரசுப் பதிவேடு அல்ல என்பதால் பட்டியலில் சேர்க்க இடமில்லை. புதிதாக வந்த தம்பியின் கையில் அதைத் தனியாகக் கொடுத்தேன். அதில் பதில் எழுதப்படாத கேள்விகள் 11 இருந்தன. ஒவ்வொன்றையும் கேட்டவரின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று நடந்துபோய்க் காட்டிவிட்டு வந்தேன்.