கன்னி மூலையில் குழி

2024 ஏப்ரல் 19, வெள்ளி

தெற்குப் படுக்கையறை ஜன்னலுக்கு மேலே இருக்கிற விரிசலில் இன்று அஞ்சு ரூபாய் நாணயம் நுழைந்துவிட்டது. தை மாதம் அதில் நகம்கூட இறங்காது. ஒவ்வொரு வருசமும் மாசியில் கோடாகத் தெரியும், சித்திரையில் வாயைத் திறக்கும், ஐப்பசி மழைக்கு மூடிக்கொள்ளும், மூடியதும் நாங்களும் மறந்துவிடுவோம். இந்த வருசம் அறைக்கதவும் சேர்ந்து அடைக்க மாட்டேன் என்கிறது. ஈரோட்டில் 40 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று டிவியில் சொல்கிறார்கள். இங்கே பெதப்பம்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் நடந்தால் வெடிப்புக்குள் கை முழுசாகப் போகிறது. காடே அப்படிப் பிளந்து கிடக்கும்போது அதே மண்ணில் நிற்கிற வீடு மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்?

ஓட்டுப் போட மச்சாண்டார், என் வீட்டுக்காரரின் அண்ணன், திருப்பூரிலிருந்து வந்திருந்தார். விரல் மை காய்வதற்குள் தீர்ப்பு சொல்லிவிட்டார். "வேப்பமரத்தை வெட்டிப் போடுங்க, எல்லாம் சரியாயிரும்." அத்தை கையில் இருந்த காப்பி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, "அந்த மரத்துல கைய வெச்சா இந்த ஊட்டுல நான் சோறு திங்கமாட்டேன்" என்று எழுந்து பின்பக்கம் பொடக்காலிக்குப் போய்விட்டார்கள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

உடுமலையிலிருந்து இன்ஜினியர் வந்தார். என் வீட்டுக்காரருடைய சிநேகிதர் சொல்லி அனுப்பிய ஆள், சின்ன வயசு, அதிகம் பேசுவதில்லை. பத்து நிமிசம் சுவரைப் பார்த்தார், அப்புறம் வெளியே போய் அதே சுவரை மறுபக்கத்திலிருந்து பார்த்தார். பூச்சு மட்டும் வெடித்திருந்தால் ஒரு பக்கம்தான் தெரியுமாம். எங்களுடையது இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பு வழியாகவே ஏறிப் போகிறது. மேலே அகலம், கீழே ஒல்லி. "மேல விரிஞ்சிருந்தா மூலை இறங்குதுன்னு அர்த்தம்ங்க" என்றார். எந்த மூலை என்று அவர் சொல்லத் தேவையில்லை. தென்மேற்கு, கன்னி மூலை.

விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார். குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டுகளை வைத்து இரண்டு பக்கமும் சிமெண்ட் கலவையால் ஒட்டினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், அவ்வளவுதான் அதன் வேலை. சின்னவன் பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கிறான்.

மேலே இருக்கிற தண்ணீர் டேங்க் பற்றிக் கேட்டேன். 2011இல் மாடியில் ஒரு அறை எடுத்தபோது, வாஸ்துப்படி கனம் கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று ஆயிரம் லிட்டர் டேங்கை நேராக அங்கேதான் ஏற்றினார்கள். நிரம்பினால் ஒரு டன். ஆனால் ஒன்பது இஞ்சு செங்கல் சுவர் பத்தடி உயரத்துக்கு ஓரடி நீளமே நானூறு கிலோ வருமாம், அப்படிப் பார்த்தால் டேங்க் இரண்டரை அடிச் சுவருக்குச் சமம். அது மட்டும் வீட்டை இறக்கிவிடாது என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், வாஸ்து மேல் பழியைப் போடலாம் என்று இருந்தேன்.

மே 10, வெள்ளி

பெரியவளுக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட். கணக்கில் 98. அத்தை தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தார்கள், என் கையில் மண்.

காலையிலேயே இரண்டு ஆட்கள் வந்து கடைக்காலை, அதாவது அஸ்திவாரத்தை, பார்க்கக் குழி எடுத்தார்கள். மாமா 1996இல் கட்டிய வீடு இது, மூன்றரை அடி ஆழம், கருங்கல் கட்டு, நல்ல வேலை என்று இன்ஜினியரே சொன்னார். ஆனால் கல்லுக்குக் கீழே அதே கரிசல். மூலையில் எடுத்த குழியில் மண் பொடிப்பொடியாகக் காய்ந்து, வேப்பமர வேர் நரம்பு நரம்பாக ஓடியது. அதே சுவரில் ஒன்பதடி தள்ளி எடுத்த குழியில் களி, கடப்பாரை ஒட்டிக்கொண்டு வருகிறது, நாத்தம் வேறு. சமையலறைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் போகிற பழைய பீங்கான் குழாய் இணைப்பில் விட்டுப்போய், எத்தனை வருசமாகவோ சுவர் ஓரமாகவே கசிந்துகொண்டு இருந்திருக்கிறது.

இன்ஜினியர் இரண்டு குழியிலும் ஒவ்வொரு கை மண் எடுத்துத் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்று ஒரு களிமண் தாது இருக்கிறது, தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீடு முழுக்க ஒரே ஈரமாக இருந்தாலோ, முழுக்க ஒரே மாதிரி காய்ந்தாலோ இவ்வளவு தொந்தரவு வராது. ஒரே சுவருக்குக் கீழே ஒரு பக்கம் நனைந்து ஒரு பக்கம் காய்ந்தால் சுவர் என்ன செய்யும், நடுவில் பிளக்கத்தானே செய்யும்.

மரத்தை என்ன செய்வது என்று கேட்டேன். வெட்டக் கூடாதாம்! முப்பது வருச மரத்தை ஒரே நாளில் எடுத்தால், அது குடித்துக்கொண்டிருந்த தண்ணீரெல்லாம் மண்ணிலேயே தங்கி, சுருங்கிய மண் மறுபடி உப்பி மூலையை மேலே தூக்குமாம். கிளையைக் கழித்து விடுங்கள், வீட்டுப் பக்கம் வேர் வராமல் தடுப்பு வைக்கலாம் என்றார். அத்தை அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு போடாமல் விடவில்லை, இலையில் இரண்டாம் தடவை பாயசம்.

மே 19, ஞாயிறு

இன்று முழுக்கப் பஞ்சாயத்து. கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு காண்ட்ராக்டர் குழியை எட்டிக்கூடப் பார்க்காமல், வீட்டைச் சுற்றித் துளை போட்டுக் கலவை ஏற்ற வேண்டும் என்று பன்னிரண்டு லட்சம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காகிதத்தில் சாக்கடைக் குழாய் என்கிற வார்த்தையே இல்லை. குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தால் பன்னிரண்டு லட்சமும் அந்தத் தண்ணீரோடு போகும்.

புது வீடாக இருந்தால் அடியில் குமிழ் வைத்த பைல், அதாவது மண்ணுக்குள் இறங்குகிற கான்கிரீட் தூண், போடலாம், ரூர்க்கியில் இருக்கிற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்காகவே வகுத்த முறை, மண் ஏறி இறங்குகிற ஆழத்தைத் தாண்டிக் குமிழ் போய்ப் பிடித்துக்கொள்ளும். நின்றுகொண்டிருக்கிற வீட்டுக்குச் சுவருக்கு அடியில் அதைப் போடுவது லேசில்லை. எங்கள் இடத்தில் ஏழடியில் கெட்டியான சுக்கான்கல் தட்டுகிறது, அதனால் இறங்குகிற மூலைக்கு மட்டும் பழைய கடைக்காலுக்குக் கீழே கான்கிரீட்டில் அடிக்கால் எடுத்துச் சுக்கானில் உட்காரவைப்பது என்று முடிவு. நாலரை லட்சத்தில் அடங்கும் என்றார்.

மச்சாண்டாருக்கும் வீட்டில் பாகம் உண்டு, ஆனால் பணம் என்றதும் போனில் சிக்னல் போய்விடுகிறது. என் வீட்டுக்காரர் கொப்பரைக் களத்தை விட்டு நகர முடியாது, "நீயே பாத்துக்கோ அம்மிணி" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். அத்தைக்கு வேறு கவலை. கன்னி மூலையில் குழி எடுத்தால் வீட்டுத் தலைவனுக்கு ஆகாது என்று யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். ஜோசியரைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள், ஆடி பிறப்பதற்குள் குழியை மூடிவிட்டால் பரவாயில்லை என்றாராம். நல்லதாய்ப் போயிற்று, எனக்கும் மழைக்கு முன்னால் மூட வேண்டும்.

ஜூன் 5, புதன்

வேலை ஆரம்பம். முதலில் குழாய். பீங்கானை எடுத்துவிட்டு பிவிசி, சுவரை விட்டு எட்டடி தள்ளிப் புதுச் சேம்பர். மூலைக்கு இன்னும் கடப்பாரையே படவில்லை. மேஸ்திரி, "குழாய்க்கேனுங்க அவசரம், கடைசியில பாத்துக்கலாம்" என்றார். முடியாது என்றேன்.

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. பெரியவள் பதினொன்று, சின்னவன் ஆறு. எல்லோரும் ஆசாரத்தில்தான், நடுக்கூடத்தில்தான் படுக்கை, அத்தையின் குறட்டை, சின்னவனின் உதை, விடிகாலை ஐந்துக்கு ஜல்லி லாரி. பெரியவள் சீருடையைத் தேடியபோது அது சிமெண்ட் மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. காலையில் ஒரு பெரிய சண்டை, எழுத வேண்டாம்.

மூலையில் வேலை பார்க்கப் பயமாக இருக்கிறது. சுவரை நாலு நாலடியாகப் பிரித்து எண் எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு துண்டை ஒரே சமயத்தில் தோண்டக் கூடாது, விட்டு விட்டுப் பல் பிடுங்குவது போல ஒன்று, மூன்று, ஐந்து என்று எடுத்து, அது இறுகிய பிறகுதான் இரண்டும் நான்கும். உள்ளே ஜன்னலுக்கும் ஸ்லாபுக்கும் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். டேங்கைக் காலி செய்து கீழே இறக்கியாச்சு. குழிக்குள் இறங்கிச் சுவருக்கு அடியில் மண்ணை வாருகிற பையனுக்கு என் தம்பி வயசுகூட இல்லை, அவன் ஏறி வருகிற வரைக்கும் எனக்கு அடுப்பில் கவனம் இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

மேஸ்திரிக்கும் இன்ஜினியருக்கும் முட்டிக்கொண்டது. கான்கிரீட்டைப் பழைய கல் வரைக்கும் ஒரேயடியாகக் கொட்டி முடிப்பது மேஸ்திரி வழக்கம். கான்கிரீட் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், அப்போது கல்லுக்கும் அதற்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விழும், மூலை மறுபடி அந்த அளவு இறங்கும், அதனால் மூன்று இஞ்சு விட்டு நிறுத்தி, இறுகிய பிறகு கெட்டியான உலர் கலவையைக் கட்டை வைத்து அடித்துத் திணிக்க வேண்டும் என்றார் இன்ஜினியர். "முப்பது வருசமா கட்டறேனுங்" என்று மேஸ்திரி கரணையை வைத்துவிட்டார். நான் இரண்டு பேருக்கும் டீ கொடுத்துவிட்டு, கூலி நான் தருகிறேன், இடைவெளி விடுங்கள் என்றேன். கோபம் இருந்தாலும் திணிக்கிற வேலையை அவரே தன் கையால்தான் செய்தார், சித்தாளிடம் விடவில்லை. அந்த மரியாதை அவருக்கு உண்டு.

சின்னவன் உதவி செய்கிறேன் என்று ஓஸை எடுத்துக் குழியை நிரப்பப் போய் நல்ல திட்டு வாங்கினான். கான்கிரீட்டுக்கு ஈரச்சாக்குப் போதும், கரிசலுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது.

ஜூலை 16, செவ்வாய்

ஆனி கடைசி. குழி எல்லாம் மூடியாச்சு, அத்தை கற்பூரம் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். எடுத்த கரிசலைத் திரும்பப் போடவில்லை. மணலும் போடவில்லை, சுற்றிலும் களி இருக்க நடுவில் மணல் போட்டால் மழைத் தண்ணீர் அதில் கிணறு மாதிரி தேங்கிவிடும். கிராவல் மண்ணைப் பட்டை பட்டையாகப் போட்டுத் திம்ஸ் கட்டையால் இறுக்கினார்கள். அதன் மேல் வீட்டைச் சுற்றி ஆறடிக்குத் தளம், வெளிப்பக்கம் சரிவாக, சுவரும் தளமும் சேருகிற இடத்தில் தார் அடைப்பு. பார்க்க அழகாக இல்லை. அத்தையின் செம்பருத்தி இரண்டு போயிற்று, அதற்கு நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டு இருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. பக்கத்து தென்னந்தோப்புக்காரரிடம் போய்ப் பேசினேன், பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால் தண்ணீர் விடும்போது எங்கள் வேலி ஓரத்து வரப்பை உயர்த்திக்கொள்ளச் சொல்லி. "அதுக்கென்னங்க, செஞ்சர்லாம்" என்றார். செய்தால் சரி. நாலு நாளாக டிவியில் வயநாடு நிலச்சரிவுதான். பெரியவள் ராத்திரி நம் வீடும் இப்படி ஆகுமா என்று கேட்டாள். இங்கே மலைச்சரிவு இல்லை, மண் வேறு, ஆபத்தும் வேறு என்று உட்கார்ந்து விளக்கினேன். அவள் தூங்கினாள், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

தீபாவளிக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். இன்ஜினியர் விடவில்லை. மழையில் விரிசல் மூடியிருப்பது எல்லா வருசமும் நடப்பதுதான், ஒரு கோடை தாண்டட்டும், அப்புறம் செங்கல் இணைப்பைக் கொத்திக் கம்பி தைத்துப் பூசலாம் என்றார். அதனால் விருந்தாளிகள் எல்லாம் பென்சில் கோட்டையும் கண்ணாடியையும்தான் பார்த்துவிட்டுப் போனார்கள். குழி மூடிய பிறகு புதிதாக ஒட்டிய கண்ணாடியில் ஜன்னலுக்கு மேலே இருப்பது முழுசாக இருக்கிறது, கதவுக்கு மேலே இருப்பதும். கீழே இருந்தது உடைந்துவிட்டது, ஆனால் அதற்குக் காரணம் சின்னவனின் கிரிக்கெட் பந்து. கதவு ஒரு விரலால் தள்ளினால் அடைக்கிறது.

காம்பவுண்டுச் சுவரில் மட்டும் புது வெடிப்பு. கனம் இல்லாத சுவரைத்தான் கரிசல் முதலில் அசைக்குமாம். அதற்கு இப்போது பணம் இல்லை, நிற்கிற வரை நிற்கட்டும்.

மச்சாண்டார் ஒரு லட்சம் அனுப்பியிருக்கிறார். மீதியைப் பொங்கலுக்குத் தருகிறாராம். மேஸ்திரிக்குப் பாக்கி பதினெட்டாயிரம், அதை நாளைக்குக் கொடுத்துவிடுவேன்.