காலி டிரே கணக்கு

சூப்பர்மார்க்கெட் கம்பெனி ஒண்ணோட காய்கறி குடோன்ல நாலு வருஷம் டிஸ்பாட்ச் பாத்தேன், ஸ்ரீபெரும்புதூர் பக்கம். சேர்ந்த மொத நாள் மேனேஜர் குடுத்த வேலை காலி டிரே எண்றது. டிகிரி முடிச்சுட்டு பிளாஸ்டிக் பெட்டி எண்ணவா வந்தோம்னு கடுப்பாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த குடோன்ல நான் கத்துக்கிட்டதுல முக்கால்வாசி அந்த காலி டிரேல இருந்துதான்.

டிரே ஏன்னு கேட்டா தக்காளியப் பாத்தா போதும். அட்டைப்பெட்டில மேல மேல அடுக்குனா ஈரத்துல அட்டை இளகி கீழ இருக்குற பழம் எல்லா வெயிட்டையும் தாங்கும், டிரேல அந்த வெயிட்ட சுவர் தாங்கிக்கும், பழத்து மேல ஏறாது. ஆனா விளிம்புக்கு கீழ ரெண்டு விரல் எடம் விட்டு நிரப்பணும். நம்மாளுங்க கோபுரமா கொட்டுவாங்க, அதுக்கு மேல அடுத்த டிரே உக்காந்தா மேல்வரிசை நசுங்கும், அப்புறம் சாறு கீழ இருக்குற பழம் வரைக்கும் வழிஞ்சு காலைல ஸ்டோர்ல இருந்து போன் வரும். ஒட்டன்சத்திரத்துல 14 கிலோ பெட்டின்னு ஒரு அளவு வச்சு விக்கிறாங்க பாருங்க, அங்க பெட்டிதான் எடைக்கல்லு மாதிரி. எங்க ஆளுங்களுக்கு அந்த ஒழுங்கு வர ஒரு வருஷம் ஆச்சு. வெங்காயத்துக்கு டிரே வேஸ்ட், அது சாக்குலயே நல்லா இருக்கும், காத்து போனா போதும்.

சரி, கணக்குக்கு வரேன். ஒரு நாளைக்கு 1,500 டிரே போகுதுன்னு வைங்க. இன்னைக்கு ராத்திரி லோடு, நாளைக்கு விற்பனை, நாளைக்கு ராத்திரி வண்டில ரிட்டர்ன், அடுத்த நாள் கழுவி காயவச்சு, அதுக்கும் அடுத்த நாள் ராத்திரி திரும்ப லோடு. மூணு நாள் சுத்துன்னா 4,500 டிரே போதும். ஸ்டோர்காரர் "நாளைக்கு அனுப்புறேன் தம்பி"ன்னு ரெண்டு நாள் பின்னாடி போட்டு வச்சா அதே வியாபாரத்துக்கு 7,500 வேணும். ஒரு கிலோ காய் கூட கூடுதலா விக்கல, ஆனா 3,000 டிரே புதுசா வாங்கணும். "டிரே பத்தல, வாங்குங்க"ன்னு வருஷா வருஷம் மெயில் போட்டது நான்தான், பத்தாம இல்ல, தூங்கிட்டு இருந்துச்சுன்னு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது.

அதுவும் எங்க டிரே நேர் சுவர், ஒண்ணுக்குள்ள ஒண்ணு எறங்காது, அதனால காலியா வந்தாலும் வண்டில அதே எடம்தான், பாதி தூரம் டீசல் போட்டு காத்த ஏத்திட்டு வரோம்னு டிரைவருங்க கிண்டல் பண்ணுவாங்க. மடக்குற டிரே கொஞ்சம் வாங்கிப் பாத்தோம். எடம் மிச்சம்தான், ஆனா எறக்குறப்ப தூக்கிப் போட்டு கீல் ஒடைஞ்சிடும், ஒடைஞ்சது நின்னா சாயும்.

ஸ்டோர்ல அது டிரே இல்ல, சர்வ உபயோகப் பொருள். செக்யூரிட்டி உக்கார்ற ஸ்டூலு, டாப் ரேக் எட்டுறதுக்கு படி, கதவுக்கு முட்டு, ஒரு கடைல பூனை குட்டி போட்டிருந்துச்சு. வாசல்ல பூ விக்கிற அக்கா எங்க கம்பெனி பேர் போட்ட டிரே மேல பலகை வச்சு மல்லி கட்டிட்டு இருந்தாங்க, கேக்க மனசே வரல.

இன்னொன்னு, எடை. பழைய டிரே 1.6 கிலோ, புதுசு 2 கிலோ. பில்லுல எல்லாத்துக்கும் 1.6ன்னே கழிச்சோம். ஒரு புது டிரேக்கு 400 கிராம் பிளாஸ்டிக்க தக்காளின்னு கணக்குல ஏத்தி அனுப்பிருக்கோம், 300 புது டிரேன்னா 120 கிலோ. ஸ்டோர்ல காய் குறையுதுன்னு சண்டை, திருட்டுன்னு பேச்சு வேற. ஒரு நாள் நானே காலி டிரேவ தராசுல வச்சப்பதான் குட்டு வெளிப்பட்டுச்சு.

பால் டப்பு பாத்திருப்பீங்க, விடியக்காலைல கடை வாசல்ல அடுக்கி இருக்கும், அரை லிட்டர் பாக்கெட் 24 புடிக்கும். புது டப்ப எறக்குறப்பவே காலி டப்ப ஏத்திட்டுத்தான் வண்டி நகரும். அதப் பாத்துத்தான் நாங்களும் மாத்துனோம்: எத்தனை டிரே எறங்குதோ அத்தனை காலி ஏறணும், இல்லன்னா சலான்ல பாக்கி எழுதி ஸ்டோர் கையெழுத்து, டிரைவர் கையெழுத்து, மாசக் கடைசில அந்த ஸ்டோர் செலவுல போடுவோம். மொத மாசம் பயங்கர திட்டு வாங்குனேன். ரெண்டாவது மாசம் அதுவரைக்கும் கண்ணுலயே படாத டிரே எல்லாம் பாசி புடிச்சு வண்டி வண்டியா வந்துச்சு.

அதுக்கு முன்னாடி நடந்தது ஒண்ணு சொல்லணும். ஒருதடவ 200 டிரே ஷார்ட் வந்துச்சு, ரூட் வண்டி டிரைவர் அண்ணன் ஒருத்தர் மேல நான் எழுதிக் குடுத்துட்டேன். அம்பது வயசுக்காரர், ஒண்ணும் பேசல. பத்து நாள் கழிச்சு எங்க குடோன் பின்னாடி ஷெட்ட சுத்தம் பண்றப்ப வெங்காயம் தரம் பிரிக்கிற எடத்துல தார்பாய்க்கு அடில அடுக்கா இருந்துச்சு, நாங்களே வச்சு மறந்தது. எண்ணிப் பாத்தா 186.

அவருகிட்ட போய் சாரிண்ணேன்னு சொன்னேன். பீடிய அணைச்சுட்டு சிரிச்சாரு. "விடு தம்பி. மீதி பதினாலுல ரெண்டு எங்க வீட்ல இருக்கு, கோழி அடைக்கிறேன். அதுக்கு சலான்ல சைன் போடவா?"ன்னாரு.