தேடலுக்கு முன் ஒரு கேள்வி

வேலூரில் எம்.எஸ்சி. நர்சிங் மாணவியரின் ஆய்வுக்கு வழிகாட்டி வருகிறேன். ஆய்வுத் தலைப்பை அப்படியே முழு வாக்கியமாகக் கூகுளில் தட்டி, முதலில் வரும் கட்டுரைகளைப் பதிவிறக்கிக்கொண்டு, "லிட்டரேச்சர் எடுத்துட்டேன் மேடம்" என்று பலர் வந்து நிற்பார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது கட்டுரைகளை அல்ல, வார்டில் எழுந்த கேள்வியை.

குடியாத்தம் பக்கத்து மாணவி ஒருத்தி, தண்டுவடக் காயத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட மகனைப் படுக்கைப்புண் வராமலிருக்கத் தாயார் இரவெல்லாம் கண் விழித்துப் புரட்டிவிடுவதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு சொல்றோமே மேடம், நல்ல மெத்தை இருந்தா நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதாதா?" என்று கேட்டாள். நோயாளி யார், என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், எந்த விளைவைப் பார்க்கிறோம் என்ற நான்கும் அதில் அடங்கியிருந்தன. பாடத்தில் 'பிகோ' (PICO) என்று படிப்பது இதைத்தான்.

பிறகு சொற்கள். படுக்கைப்புண்ணை 'பெட்சோர்', 'டெகுபிட்டஸ் அல்சர்', 'பிரஷர் அல்சர்' என்று பலவாறு எழுதிவந்தார்கள். 2016-இல் அமெரிக்கத் தேசியப் படுக்கைப்புண் ஆலோசனைக் குழு 'பிரஷர் இஞ்சுரி' என்று மாற்றியது. ஒன்றை மட்டும் தட்டினால் மற்ற பெயர்களில் வந்த ஆய்வுகள் பல விடுபட்டுப்போகும் என்பதால், ஒரே பொருளுள்ள சொற்களை 'ஆர்' (OR, அல்லது) போட்டு அடைப்புக்குள் சேர்த்து, புரட்டிப் படுக்கவைப்பதற்கான சொற்களை இன்னொரு அடைப்புக்குள் வைத்து, இரண்டையும் 'ஆண்ட்' (AND, மற்றும்) கொண்டு இணைக்க வேண்டும். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில், ஒவ்வொரு பொருளுக்கும் நிர்ணயித்து வைத்திருக்கும் 'மெஷ்' (MeSH) தலைப்புச் சொல்லையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஆனால் அங்குள்ள எல்லாக் கட்டுரைகளுக்கும் அந்தத் தலைப்பு இருக்காது என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஒரு சொல் வரும் கட்டுரைகளை விலக்கும் 'நாட்' (NOT) போடுவதை நான் ஊக்குவிப்பதில்லை, வேண்டிய கட்டுரையையும் அது தள்ளிவிடும். நர்சிங் இதழ்களுக்குச் 'சினால்' (CINAHL) என்ற தரவுத்தளம் அவசியம். கல்லூரிச் சந்தா இருக்கிறதா என்று நூலகரைக் கேட்டால் போதும்.

அந்த மாணவியின் கேள்விக்குக் காக்ரேன் இணைய நூலகத்தில், பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிட்டு 2020-இல் புதுப்பிக்கப்பட்ட தொகுப்பாய்வே கிடைத்தது. எத்தனை மணிக்கொரு முறை புரட்ட வேண்டும் என்பதற்கான சான்று உறுதியற்றது என்று அது கூறுகிறது. விடை கிடைக்கவில்லையே என்று அவள் முகம் வாடியது. எனக்கோ அது பெரிய லாபமாகப் பட்டது, ஏனெனில் ஆய்வுக்கு இடம் இருப்பதை அதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. நம் மாநில வார்டுகளில் செய்த ஆய்வுகளுக்கு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுக் களஞ்சியத்தைப் பார்க்கச் சொன்னேன்.

எந்தத் தேதியில், எந்தத் தளத்தில், எந்தச் சொற்களால் தேடி எத்தனை கிடைத்தன, எவற்றை ஏன் விலக்கினோம் என்பதை அன்றன்றே நோட்டில் எழுதிவிட வேண்டும். வைவாவில் எக்ஸாமினர் கேட்கும்போது பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம்.