வாடகை வீட்டு அட்வான்ஸ்: வீட்டுக்காரர் போட வேண்டிய கணக்கு

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக்கூடாது என்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் கூடுதலாகப் பெற அது இடம் தருவதால், பழைய வழக்கம் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகத் தொடர்கிறது. ஒன்றிரண்டு போர்ஷன்களை மட்டும் வாடகைக்கு விடுகிற என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பெரிய அட்வான்ஸால் உண்மையில் லாபம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

மாதம் 15,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். பத்து மாதத்துக்கு 1,50,000. மூன்று மாதத்துக்கு 45,000. இடையிலுள்ள 1,05,000 ரூபாயை ஏழு விழுக்காடு வட்டியில் வங்கியில் போட்டால் ஆண்டுக்கு 7,350 ரூபாய் கிடைக்கும். அதாவது அரை மாத வாடகைகூட முழுதாகத் தேறாது. அவ்வளவு பெரிய தொகையைப் புரட்ட முடியாமல் நல்ல குடும்பங்கள் திரும்பிப் போக, வீடு ஒரே ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலும் இரண்டு ஆண்டு வட்டி போய்விடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், வாங்கிய பணம் செலவாகிவிடுவதுதான். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ மாடி கட்டவோ எடுத்துவிட்டு, குடியிருப்பவர் காலி செய்யும்போது, ‘அடுத்த ஆள் வரட்டும், தருகிறேன்’ என்று சொல்லும் வீட்டுக்காரர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டிய அந்தக் குடும்பம், தன் பணத்துக்காகவே கடன் வாங்க நேர்வது பெரும் அநியாயம். ஆகவே அட்வான்ஸை வாங்கிய வாரத்திலேயே தனி வைப்பு நிதியில் போட்டுவிட வேண்டும்.

திருப்பித் தரும் நாளில் வரும் சச்சரவு பெரும்பாலும் பெயின்ட் பற்றியதாகவே இருக்கும். ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்கென்று பிடித்துக்கொள்வது ஊர் வழக்கம். ஆனால் மேற்சொன்ன சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வெள்ளையடிப்பதையும் கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதையும், குழாய்ப் பாதையையும் மின் ஒயரிங்கையும் சரிசெய்வதையும் உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, சன்னல் கண்ணாடி போன்ற சிறு பழுதுகளே குடியிருப்பவருடையவை. குடியேறும் நாளிலேயே சுவரில் உள்ள ஆணித்துளைகள், குளியலறை ஓட்டின் விரிசல், மீட்டரின் இ.பி. ரீடிங் ஆகியவற்றை இருவரும் சேர்ந்து நின்று படம் எடுத்துத் தேதியோடு பகிர்ந்துகொண்டால், காலி செய்யும்போது எந்த விரிசல் பழையது என்ற பேச்சே எழாது.

எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் தேவை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற பதிவுச் சட்ட விதியால் வந்த 11 மாத ஒப்பந்தப் பழக்கத்தையே பலர் இன்றும் போதுமென்று நினைக்கிறார்கள். புதிய சட்டப்படி கால அளவு எதுவாயினும் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தாக வேண்டும். எவ்வளவு பிடித்தம், எதற்காக, எத்தனை நாளில் மீதி என்பதை அதிலேயே எழுதிவிடலாம்.

வருமான வரியிலும் அட்வான்ஸுக்குத் தனிக் கணக்கு உண்டு. ஆண்டு வாடகை 1,80,000 ரூபாயில், நாம் கட்டிய சொத்து வரி 6,000 என்றால் அதைக் கழித்து, மீதியில் 30 விழுக்காட்டையும் கழித்தபின் 1,21,800 ரூபாய்க்கே வரி கணக்கிடப்படும். பெயின்ட் செலவு குறைந்தாலும் கூடினாலும் அந்த 30 விழுக்காடு மாறாது. திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் வருமானம் ஆகாது. ஆனால் காலி செய்யும் முன் கடைசி இரண்டு மாத வாடகையை அதிலேயே கழித்துக்கொண்டால், கழித்த தொகையை அந்த ஆண்டின் வாடகை வருமானமாகக் காட்ட வேண்டும்.