பழைய கொப்பியையும் கொண்டு வாருங்கோ

யாழ்ப்பாணத்தில் பெரியாஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு பாமசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். காய்ச்சல்காரர் ஒரு மருந்துத் துண்டோடு வந்து மருந்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். வயிற்று வருத்தக்காரர் அப்படியில்லை. கொஞ்ச நாளில் திரும்பவும் வருவார். கையில் வேறொரு டொக்டரின் துண்டு, வாயில் வேறொரு வருத்தத்தின் பெயர்.

தென்மராட்சிப் பக்கத்து ஐயா ஒருவருக்கு முதலில் கஸ்ரைட்டிஸ், அதாவது இரைப்பை அழற்சி என்றார்கள், பிறகு ஐபிஎஸ், அதாவது குடலில் புண் ஏதும் தெரியாமலே வயிறு நோகிற வருத்தம் என்றார்கள். கொழும்பில் குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தபோது சிறுகுடல் முடிகிற இடத்தில் புண். அங்கே க்ரோன்ஸ், அதாவது நாட்பட்ட குடல் அழற்சி என்று சந்தேகப்பட்டார்கள். இங்கே வந்து காட்டினால், குடலில் ரிபியாகவும் (காசநோய்) இருக்கலாமாம். “பிள்ளை, நாலு பேர் நாலு விதமாச் சொல்லினம். ஆரை நம்புறது?” என்று கேட்டார். மெலிந்து, சேட்டுக் கொலர் கழுத்தில் நிற்காமல் தொங்கியது.

நாலு பேரும் தெரியாமல் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. க்ரோன்ஸும் குடல் ரிபியும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் வரும், பார்வைக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சதைத்துண்டு எடுத்துச் சோதித்தாலும் பல நேரம் முடிவு கிடைக்காது. க்ரோன்ஸ் என்று நினைத்து, நோய் எதிர்ப்பைக் குறைக்கிற ஸ்டீரொய்ட் கொடுத்து, அது ரிபியாக இருந்துவிட்டால் ஆபத்து. அதனால் சிலருக்கு ரிபி மருந்தை முதலில் தொடங்கி, புண் ஆறுகிறதா என்று திரும்பவும் கமரா விட்டுப் பார்ப்பார்கள். அந்தக் காத்திருப்பும் ஒரு சோதனைதான். இதை யாராவது ஐயாவுக்கு இருத்தி வைத்துச் சொல்லியிருந்தால், அவர் இவ்வளவு அலைந்திருக்க மாட்டார்.

ஐபிஎஸ் இன்னொரு விதம். அதை உறுதிப்படுத்த இரத்தச் சோதனையோ ஸ்கானோ இல்லை. ஐபிஎஸ்ஸைத் தீர்மானிக்க டொக்டர்மார் பாவிக்கிற, 2016இல் வந்த ரோம் அளவுகோலின்படி, வருத்தம் தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். கடைசி 3 மாதத்தில் சராசரியாகக் கிழமைக்கு ஒரு நாளாவது வயிற்று நோ இருக்க வேண்டும். அந்த நோ மலம் போவதோடு தொடர்புபடுவது, மலம் போகும் தடவை மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது, இந்த மூன்றில் குறைந்தது இரண்டும் இருக்க வேண்டும். இரண்டாம் மாதத்தில் பார்த்த டொக்டரும் எட்டாம் மாதத்தில் பார்த்த டொக்டரும் ஒரே பெயரைச் சொல்லுவார்கள் என்று எப்படி எதிர்பார்ப்பது?

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. ஒருவர் கொடுத்த குளிசை, அடுத்தவர் செய்யும் சோதனையைக் குழப்பிவிடும். வயிற்று அமிலத்தைக் குறைக்கிற ஒமெப்ரசோல் குடித்துக்கொண்டிருந்தால், வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான எச். பைலோரி கிருமி இருந்தும் மூச்சுச் சோதனையிலும் மலச் சோதனையிலும் இல்லை என்று வரலாம். சோதனைக்கு 2 கிழமை முன்பே அதை நிறுத்தச் சொல்வது அதனால்தான். அன்ரிபயோட்டிக் என்றால் 4 கிழமை. இரும்புச்சத்துக் குளிசை மலத்தைக் கறுப்பாக்கும், உடனே இரத்தம் போகிறதென்று வீடே பதறும். முழங்கால் நோவுக்குக் குடிக்கிற டைக்குளோபெனாக் குடலையே புண்ணாக்கும்.

இதெல்லாம் புது டொக்டருக்குத் தெரிய வேண்டாமா? ஆனால் எங்கள் ஆட்கள் பழைய கிளினிக் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் புதிதாக ஒரு டொக்டரைச் சனல் பண்ணப் (காசு கட்டித் தனியாராகக் காட்ட) போவார்கள். “முந்தியவர் சொன்னதைச் சொன்னால் இவர் கோவிப்பார்” என்ற பயம். ஐயாவும் அப்படித்தான். நான் கேட்டபோது சேட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் கடதாசி உறையை எடுத்துத் தந்தார். காலை ஒன்று, இரவு ஒன்று என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே இரண்டு வெள்ளைக் குளிசைகள். எத்தனையோ வெள்ளைக் குளிசைகளைத் தினமும் எடுத்துக் கொடுக்கிற எனக்கே அது என்னவென்று சொல்ல முடியவில்லை.

சரி, ஒரு கொப்பி போடுங்கோ ஐயா என்றேன். எப்ப தொடங்கியது, எந்த மாதம் எந்தச் சோதனை, என்ன மருந்து எவ்வளவு நாள், எவ்வளவு மெலிந்தது. மகள் எழுதிக் கொடுத்திருக்கிறா. அடுத்த முறை டொக்டர் கோவிக்கவில்லை, முழுவதையும் வாசித்தாராம். ரிபி மருந்து தொடங்கியிருக்கிறார்கள், அது அரசாங்கத்தில் இலவசம். சலம் செம்மஞ்சளாகப் போகிறதென்று பயந்துபோய் என்னிடம் ஓடி வந்தார். ரிபி மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் அப்படித்தான் செய்யும், பயமில்லை, ஆனால் கண் மஞ்சளானால் உடனே போய்க் காட்டுங்கோ என்றேன்.

பெயருக்குக் காத்திருக்கலாம். ஆனால் மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவு, விடாத காய்ச்சல், நித்திரையைக் குழப்புகிற நோ, இவை வந்தால் காத்திருக்கக் கூடாது.

டொக்டர்மாரிடமும் ஒன்று கேட்கிறேன். அந்தக் கடதாசி உறையில் மருந்தின் பெயரையும் எழுதிக் கொடுங்கோ.