கோக்காத பாசி

பாம்பனில் பாசி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. என் பெரியம்மா விடியும் முன் படகேறிப் போய், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு நீருக்குள் முங்கி எடுத்து வருவது கடல்பாசி. திருவிழாக் கடைகளில் சரம் சரமாகத் தொங்குவது கழுத்துப் பாசி. மூன்று ஆண்டுகளுக்கு முன், விசைப்படகுகளின் தடைக்காலமும் பள்ளி விடுமுறையும் ஒன்றாகச் சேர்ந்துவரும் சித்திரை மாதத்தில், மூன்றாவதாக ஒரு பாசி எங்கள் வீட்டுக்குள் வந்தது. சார்ஜாவிலிருந்து விடுப்பில் வந்த தம்பி, அக்கா மகளுக்காக வாங்கி வந்திருந்த பெட்டியைத் திறந்தபோது, தடித்த குழாயைச் சிறு சிறு துண்டாக நறுக்கியது போன்ற பிளாஸ்டிக் மணிகள் பல நிறங்களில் ஆயிரக்கணக்கில் இருந்தன. பெட்டியின் மேல் பியூஸ் பீட்ஸ் என்று எழுதியிருந்தது. இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டவைக்கும் மணி என்பதால் அவள் அதற்கு இஸ்திரிப் பாசி என்று பெயர் வைத்தாள். இன்றுவரை எங்கள் தெருவில் அதற்கு அதுதான் பெயர்.

மணி என்றால் கோப்பதற்குரியது என்றுதான் நாம் நினைக்கிறோம். வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகேயுள்ள அழகன்குளத்தின் அகழாய்வில் கிடைத்த கண்ணாடி மணிகளும் கல் மணிகளும் நூல் நுழைவதற்காகவே துளையிடப்பட்டவை. இஸ்திரிப் பாசியின் துளைக்குள் நூல் போவதில்லை. முளை முளையாக நிற்கும் ஒரு பலகையில், ஒவ்வொரு முளையின் மேலும் ஒரு மணியைச் செருகி, உருவம் முடிந்ததும் மேலே பட்டர் பேப்பரை விரித்து இளஞ்சூட்டில் தேய்த்தால், மணிகளின் விளிம்புகள் இளகிப் பக்கத்து மணியோடு ஒட்டிக்கொண்டு ஒரே தகடாகிவிடும். வழக்கமான சதுரப் பலகையில் ஒரு வரிசைக்கு 29 முளைகள், 29 வரிசைகள், ஆக மொத்தம் 841 மணிகள். ஒரு மணியின் அகலம் 5 மில்லிமீட்டர் என்பதால் முழுப் பலகையை நிரப்பினால் பதினான்கரை சென்டிமீட்டர் சதுரம் கிடைக்கும். காதணி போன்ற நுண்ணிய வேலைக்கு இரண்டரை மில்லிமீட்டர் அளவிலான சிறு மணியும், சிறு குழந்தைகளுக்கு 10 மில்லிமீட்டர் பெரு மணியும் தனியாக விற்கின்றன. வாயில் எதையும் போடும் வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் எந்த அளவு மணியையும் தரையில் பரப்பக் கூடாது.

இந்த மணியை 1950களின் இறுதியில் ஸ்வீடனில் குன்னர் க்னுட்சன் என்பவர் உருவாக்கியது குழந்தைகளுக்காக இல்லை, முதியோர் இல்லங்களில் இருப்பவர்களின் கைகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்காக. அங்கே அது எடுபடாமல் போய், பிறகே பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளானது. இதைத் தெரிந்துகொண்ட நாளில்தான் எங்கள் அப்பத்தாவின் முன்னால் ஒரு பலகையை வைத்தேன். அப்பத்தா ஒரு காலத்தில் பனையோலைப் பெட்டி முடைந்து சந்தைக்கு அனுப்பியவர். விரல்கள் விறைத்துப்போனதால் பத்து ஆண்டுகளாக ஓலையைத் தொடவில்லை. முதல் நாள் அரை மணி நேரத்தில் ஒரு வரிசைதான் வைத்தார். சீமைக் கருவேல முள் எடுக்க வீட்டில் வைத்திருக்கும் சாமணத்தைக் கொடுத்ததும் கை பழகிவிட்டது. ஓலைப் பெட்டியின் விளிம்பில் பச்சையும் சிவப்பும் மாறி மாறி ஏறி இறங்கும் அந்தப் பழைய கணக்கை, எதையும் பார்க்காமல், மூன்று பச்சை ஒரு சிவப்பு, இரண்டு பச்சை இரண்டு சிவப்பு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே பலகையில் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் டம்ளர் வைக்கும் தட்டுகள் அனைத்திலும் இப்போது அந்த விளிம்புதான்.

உருவங்களைப் பற்றி இதையே நான் வற்புறுத்திச் சொல்வேன். பெட்டியோடு வரும் தாளில் உள்ள பனிக்கரடியையும் பூசணிக்காயையும் செய்து பழகுவதில் தவறில்லை; ஆனால் எண்ணிக் கட்டும் கலை நம் பெண்களின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. ஓலை முடைவதும் வயர் கூடை பின்னுவதும் இதே கணக்குத்தான். கோலம் போடுகிறவர்களுக்கு முளைப் பலகையைப் பார்த்ததுமே புரிந்துவிடும்: சதுரப் பலகை நேர்ப்புள்ளி, அறுகோணப் பலகை ஊடுபுள்ளி. 29 ஒற்றைப்படை எண் என்பதால் பதினைந்தாவது முளை நடுப்புள்ளியாக நிற்கும், அதிலிருந்து நான்கு பக்கமும் சமமாக விரியலாம். வளைந்து வளைந்து ஓடும் சிக்குக் கோலம் மட்டும் இதில் சரியாக வராது. சிறு பலகையில் வளைவெல்லாம் படிக்கட்டாகிவிடும்.

இந்தப் படிக்கட்டுச் சிக்கலை எனக்குத் தெளிவாகக் காட்டியது எங்கள் ஊர்ப் பாலம். 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி, கப்பல் வரும்போது இரண்டு கைகளாகப் பிரிந்து சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது. அதைச் சதுரப் பலகையில் வைத்தபோது, சாய்ந்த கைகள் இரண்டும் உடைந்த ஏணிகளைப் போல் தெரிந்தன. அறுகோணப் பலகைக்கு மாற்றிய பிறகுதான், அதன் முளைகள் 60 டிகிரிச் சாய்வில் வரிசை பிடிப்பதால், கைகள் நேர்கோடாக எழுந்தன. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் நடுப்பகுதி இரண்டு கோபுரங்களுக்கு இடையே படுக்கையாகவே மேலே ஏறுகிறது. அது சதுரப் பலகைக்கென்றே கட்டியது போல ஒரே மாலையில் முடிந்துவிட்டது. எந்த உருவத்தையும் தொடங்குமுன் அதில் சாய்வு அதிகமா, நேர்கோடு அதிகமா என்று பார்த்துப் பலகையைத் தேர்ந்தெடுங்கள்.

மணி வைப்பது பொறுமை உள்ள எவருக்கும் வரும். பொருள் தேறுவதும் கெடுவதும் சூட்டில்தான். நான் தையல் வேலை செய்பவள், இஸ்திரிப் பெட்டி பதினெட்டு வயதிலிருந்து என் கையில் இருக்கிறது; அந்த நம்பிக்கையில் முதல் பலகையைப் பருத்தித் துணிக்கு வைக்கும் மூன்று புள்ளிச் சூட்டில் தேய்த்துவிட்டேன். மூன்று புள்ளி என்றால் ஏறக்குறைய 200 டிகிரி. பாலிஎத்திலீனாலான மணியோ 100 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே இளகத் தொடங்கிவிடும். தாளைத் தூக்கியபோது அக்கா மகள் இரண்டு நாள் உட்கார்ந்து வைத்த மீன், கண் எது செதில் எது என்று தெரியாமல் வழிந்து கிடந்தது. அடியில் பலகையின் முளைகளும் வளைந்திருந்தன. அவள் அழவில்லை. "பரவாயில்ல சித்தி, இன்னொன்னு வைக்கலாம்" என்றாள். அதைக் கேட்ட பிறகு, இந்த வேலையை முறையாகக் கற்காமல் பிள்ளைகளின் பலகையைத் தொடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

இப்போது நான் செய்வது இதுதான். உருவம் முடிந்ததும் மேல்பக்கம் முழுவதும் மாஸ்க்கிங் டேப்பை வரிசையாக ஒட்டி, அழுத்தித் தடவி, காற்று வெளியேற ஊசியால் ஆங்காங்கே குத்திவிட்டு, மொத்தமாகப் பலகையிலிருந்து தூக்கி, டேப் அடியில் வரும்படி மரப் பலகையில் கவிழ்க்கிறேன். இதனால் முளைப் பலகைக்குச் சூடே படுவதில்லை. பெட்டியில் நீராவி வரக் கூடாது. இரண்டு புள்ளியில் வைத்து, பட்டர் பேப்பரின் மேல் அழுத்தாமல், வட்டம் வட்டமாகப் பத்து முதல் இருபது நொடி வரை நகர்த்த வேண்டும். தாளின் வழியாக மணிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அந்தத் தருணம் கண்ணுக்குத் தெரியும்: கூர்மையாக நின்ற விளிம்புகள் முதலில் பளபளக்கும், பிறகு பக்கத்தில் சாய்ந்து ஒட்டும், அதன்பின் அலை ஏறியதும் நண்டு வளையின் வாய் சுருங்குவது போல ஒவ்வொரு துளையும் மெல்லச் சுருங்கும். துளை பாதியாகச் சுருங்கியதும் பெட்டியை எடுத்துவிட வேண்டும். தாளை உடனே உரித்தால் மணிகள் தாளோடு வரும். சூடு ஆறும்வரை மேலே ஒரு கனத்த புத்தகத்தை வைத்தால் தகடும் வளையாது. ஆறியபின் டேப்பை உரித்துவிட்டு மறுபக்கத்தையும் அதேபோல் தேய்க்கலாம். சன்னல் திறந்திருக்கட்டும், மின்விசிறி ஓடக் கூடாது, பிள்ளைகள் பெட்டியைத் தொடக் கூடாது.

இரண்டு வெவ்வேறு தயாரிப்பு மணிகளை ஒரே பலகையில் கலக்காதீர்கள். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் மலிவாக வாங்கிய பொட்டலத்தில் பல தயாரிப்புகளின் மணிகள் கலந்திருந்தன. நீலம் உருகி வழிந்த நேரத்தில் மஞ்சள் அசையாமல் நின்றது. திருப்பி அனுப்பக் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. அன்றிலிருந்து புதிய பொட்டலம் எது வந்தாலும் நிறத்துக்கு இரண்டு மணி எடுத்து ஒட்டிப் பார்த்த பிறகே பலகைக்குக் கொண்டுபோகிறேன்.

நகைகளில் என் கைக்கு மிகப் பிடித்தது ஆவுளியா காதணி. கடற்பசுவுக்கு எங்கள் பக்கம் ஆவுளியா என்றுதான் பெயர். 13 மணி நீளம், 9 மணி உயரம் கொண்ட அந்த உருவத்தைச் சாம்பல் நிறச் சிறு மணியில் வைத்து முடித்தபோது, கடலுக்குப் போய்விட்டு ஈரத் தலையோடு வந்த பெரியம்மா ஒரு நொடி உற்றுப் பார்த்தார். "வாலு இப்படி உருண்டையாவா இருக்கும்? நடுவுல பிளந்துல்ல இருக்கும்" என்றார். அவர் கண்ணால் பார்த்தவர். பிளவு சரியாக நடுவில் விழ வேண்டுமானால் வாலின் ஓரத்தில் மணிகள் ஒற்றைப்படையாக இருந்து நடுமணியை எடுத்துவிட வேண்டும். நான்காக இருந்ததை ஐந்தாக்கி நடுவில் ஒன்றை நீக்கியதும் வால் வந்துவிட்டது. காதணிக்கு இன்னொரு வசதியும் உண்டு. இரண்டு பக்கமும் தேய்த்த தகட்டை எப்படியும் திருப்பலாம் என்பதால், ஒரே உருவத்தை இரண்டு முறை வைத்து ஒன்றை மட்டும் திருப்பிக் கொக்கி மாட்டினால், இரண்டு ஆவுளியாக்களும் முகத்தைப் பார்த்தபடி நிற்கும். எழுத்துகளில் மட்டும் இது ஆகாது. அடிப்பக்கத்தை முகப்பாக வைத்தால் 'க' திரும்பிவிடும். 'ப' மட்டும் எப்படி வைத்தாலும் 'ப'தான்.

கொக்கி மாட்டும் மணியின் துளை முழுவதும் மூடிவிட்டால் வளையம் நுழையாது. அந்த ஓரத்தில் மட்டும் இரண்டு நொடி குறைவாகச் சூடு காட்டுங்கள். பிறகு ஊசியைச் சுடவைத்துக் குத்தினால் விளிம்பு பிசிறடிக்கும். உலோகத்தில் கஞ்சம் பிடிக்க வேண்டாம். எங்கள் ஊரின் உப்புக் காற்றில் சாதாரண வளையங்கள் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து, பூச்சுக் கொக்கிகள் பச்சைபூத்துக் காதைப் புண்ணாக்குகின்றன. துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி இரண்டு மடங்கு விலையானாலும் நான் அதைத்தான் போடுகிறேன். மற்றபடி இந்த நகைகள் எடையே தெரியாதவை. நனைந்தாலும் கெடாது, முங்கப் போகும்போதுகூடப் பெரியம்மா கழற்றுவதில்லை.

வீட்டு அலங்காரங்களில் நிலைமாலை எளிது: மாவிலை வடிவில் இருபது தகடுகளைச் செய்து நைலான் நரம்பில் தொங்கவிட்டால் போதும். நேர் வெயில் படும் இடத்தில் தொங்கவிட்டால் நிறம் வெளுக்கும். நான் அதிக நாள் செலவிடுவது சுவரில் மாட்டும் கடல் விசிறிக்குத்தான். என் சிறு வயதில் காய்ந்த கடல் விசிறியைப் பல வீடுகளில் சுவரில் மாட்டியிருந்தார்கள். பவளங்களும் கடல் விசிறிகளும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. அவை உயிருள்ளவை, மன்னார் வளைகுடாவின் அடியில் நிற்க வேண்டியவை. அந்தச் சிவப்பையும், நரம்பு நரம்பாகப் பிரியும் அந்தக் கிளைகளையும் சுவரில் பார்க்க ஆசைப்படும் எனக்கு, அறுகோணப் பலகையில் மணி மணியாக வைத்து எழுப்புவது முழு நிறைவைத் தருகிறது.

ஆனால் கையில் இருப்பது பிளாஸ்டிக் என்பதை நான் ஒரு நாளும் மறப்பதில்லை. பாலிஎத்திலீன் நீரில் மிதக்கும்; முற்றத்தில் சிந்தும் ஒரு மணி வாய்க்கால் வழியாகக் கடலை அடைந்தால் மீன் முட்டையைப் போல மிதந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டுக்கும் கரைக்கும் நூறு அடிதான், கச்சான் காற்று அடித்தால் தட்டில் வைத்த மணியே பறக்கிறது. அதனால் வேலை எப்போதும் கதவடைத்த உள்ளறையில், விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தாம்பாளத்துக்குள்தான். முடிந்ததும் அக்கா மகள் தரையில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பாள். கெட்டுப்போன தகடுகளையும் எறிவதில்லை. துண்டுகளாக வெட்டி மீண்டும் உருக்கினால் பல நிறம் கலந்த பதக்கங்கள் கிடைக்கின்றன. பிள்ளைகள் கேட்டு வாங்கிப் போவது பெரும்பாலும் அவற்றைத்தான். கடற்கரையில் உட்கார்ந்து செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றே: வேண்டாம்.

இந்தத் தடைக்காலத்தில் தொடங்கிய கடல் விசிறிக்கு நான்கு பலகைகளை ஒன்றோடொன்று பிணைத்திருக்கிறேன். மூன்று பலகைகள் நிரம்பிவிட்டன, நான்காவதில் அப்பத்தா அடித்தண்டை வைத்துக்கொண்டிருக்கிறார். சிவப்பு மணி முந்நூறுபோலக் குறைகிறது. வந்து சேர்ந்ததும் டேப் ஒட்டித் தூக்குவதற்கு நான்கு கைகள் வேண்டும் என்பதால், பெரியம்மாவைக் கடலுக்குப் போகாத ஒரு நாளாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன்.